ஏறுவதற்குப் பத்து தெத்ரி

இறங்குவது இலவசம்.
ஏறத்தான் காசு,
பத்து தெத்ரி நாணயம் ஒன்று.
திபிலீசியிலேயே உலகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது
எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும்தான்
என்பான் ஜும்பர்.
அவன் மூன்றாம் மாடி, படியேறிவிடுவான்.
சொல்வதற்கென்ன.

நான் எட்டாவது.

நேற்று கோட்டின் இடதுபையில்
மாத்திரை அட்டை ஒன்று, ஒரு ஹேர்பின்,
போன குளிர்காலத்தின் சூரியகாந்தி விதைத் தோல்,
அப்புறம் மூலையில் ஓட்டை.
காசு அதன் வழியே நழுவி
உள்துணிக்குள் இறங்கிவிட்டிருந்தது.
தொட முடிகிறது, எடுக்க முடியவில்லை.
விளிம்பைப் பிடித்துக்கொண்டு
விரலால் நெட்டி நெட்டி
ஓட்டையின் வாய்வரை கொண்டுவந்தேன்.
அங்கிருந்து திரும்பி
முதுகுப்பக்கம் ஓடிப்போனது.

வாசற்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு
எதிர்வீட்டுத் தெங்கிஸ் வந்தார்.
இரண்டு கையிலும் முட்டை அட்டை, முப்பது.
தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நடப்பவர்போல
மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு.
ஈஸ்டருக்கு நான்கு நாள் இருந்தது.
தனி ஆளுக்கு முப்பது எதற்கு என்று
நான் கேட்கவில்லை.
பதினொரு வருடமாக நாங்கள்
தலையசைத்துக்கொள்கிறவர்கள்.
அதற்குமேல் பேச்சுமில்லை,
பேசாமலிருக்கச் சண்டையுமில்லை.

"அம்மணி, காசு இருக்கிறது" என்றார்.
நான் கையை நீட்டினேன்.
"என் சட்டைப்பையில்."

அந்நிய மனிதரின் நெஞ்சுப்பைக்குள்
இரண்டு விரலை விட்டு
கூரையைப் பார்த்துக்கொண்டு தேடினேன்.
இருமல் மிட்டாய், மடித்த பஸ் சீட்டு,
ஒரு பொத்தான், அதன் நூலோடு.
காசு வெதுவெதுப்பாக இருந்தது.
அதை மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை.

லிஃப்ட் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
எல்லோரும் குத்திக் குத்தி
பெயிண்ட் உரிந்த வட்டம் ஒன்று உண்டு,
அங்கே நானும் ஒன்று வைத்தேன்.
கிளம்பியது.

நான்காம் மாடி தாண்டும்போது
அவருக்கு மூக்கு அரித்திருக்க வேண்டும்.
முதலில் உதட்டைக் கோணினார்,
பிறகு தோளைத் தூக்கி மூக்கைத் தேய்த்தார்.
எட்டவில்லை.
சட்டைப்பை வரை போனவள்
மூக்குக்கும் போவதா என்று
எண் விளக்குகளையே பார்த்து நின்றேன்.
ஐந்து. ஆறில் விளக்கு எரியாது. ஏழு.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்து
தன் வீட்டு முன்னால் நின்றார்.
நின்றுகொண்டே இருந்தார்.
"சாவி?" என்றேன்.
"கால்சட்டைப்பை" என்றார், முட்டைகளிடம்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது,
கீழேயே, காசுக்கு முன்பே,
அட்டையை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம்.
இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.
கை நீட்டினேன், கொடுத்தார்.
அவர் விட்டதற்கும் நான் பிடித்ததற்கும் நடுவே
ஒரு முட்டை மட்டும் அவசரப்பட்டது.

என் வலது ஷூவின் மேல்.

"இருபத்தொன்பது" என்றேன், எதற்கோ.
"பரவாயில்லை, இருபத்தொன்பது போதும்" என்றார் அவரும்,
ஏதோ நான் பேரம் பேசியதுபோல.

ராத்திரி கோட்டின் உள்துணியைக் கத்தரித்தேன்.
ஒரு காசுக்கு நான்கு காசு கிடைத்தது.
இப்போது அந்தப் பத்து தெத்ரியைத்
திருப்பிக் கொடுத்தால் அதிகப்பிரசங்கி,
கொடுக்காவிட்டால் கடன்காரி.
மேஜைமேல் தனியாக வைத்திருக்கிறேன்.
நடுவில் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்,
சில்லென்று இருந்தது.

காலையில் லிஃப்டில் அவரும் வந்தார்.
இலவசம்தான், இறங்குகிறோம்.
தலையசைத்தார், அசைத்தேன்.
பிறகு இருவரும் குனிந்து
என் கால்களைப் பார்த்தோம்.
இடது ஷூ எப்போதும்போல் மங்கல்.
வலதில், துடைத்தும் போகாத வெள்ளைக்கரு காய்ந்து
நேற்றுதான் கடையில் வாங்கியதுபோல
ஒரே பளபளப்பு.