இரவல் கோட்

அசுன்சியோன் நகரத்தில் தை மாதம்தான்
கத்திரி வெயில்.
காலை ஏழரைக்கே
தகரக் கூரை நெட்டி முறிக்கிறது.

குளித்துவிட்டு நிற்கிறாள் நிமியா.
துடைக்கத் துடைக்க ஊறுகிறது முதுகு.
எது குளித்த நீர், எது வியர்வை என்று
துண்டுக்கே தெரியவில்லை.

கட்டிலில் கைவிரித்துக் கிடக்கிறது
நாத்தனாரின் கறுப்புக் கோட்.
உள்ளே வழவழவென்று சாட்டின்,
பையில் பழைய டோக்கன் ஒன்று: எண்பத்து மூன்று.
"கோட் இல்லாமல் போனால்
தரை துடைக்க வந்தவள் என்று
பக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள்."
நாத்தனாருக்கு வங்கியில் வேலை.
வங்கியில் ஏசி உண்டு.
அவள் யோசனைகளும் அங்கிருந்தே வரும்.

வெள்ளைச் சட்டை போட்டாள்,
உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது.
நீலத்தில்
நனைந்த இடம் தேசப்படமாய் விரிந்தது.
மஞ்சள் போட்டபோது மகன் ரோகே எட்டிப் பார்த்து
"கால்பந்து நடுவரா அம்மா?" என்றான்.
மறுபடி வெள்ளை.

சானிட்டரி நாப்கினை நறுக்கி
அக்குள் பக்கம் சட்டைக்குள் ஒட்டிக்கொண்டாள்.
யாரும் சொல்லித் தரவில்லை,
வெயில்தான்.
காலுறை முழங்காலுக்கு மேல் ஏறமாட்டேன் என்றது.
கழற்றுவது இன்னொரு மல்யுத்தம்.
மின்விசிறியின் முன் இரண்டு கையும் தூக்கி நின்றாள்,
பிடிபட்ட திருடன் போல.
கரண்ட் போனது.
கையை இறக்காமலே
கொஞ்ச நேரம் நின்றாள்.

பேருந்தில்
கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள் கோட்டை.
கைக்குழந்தை மாதிரியே அது மடியை நனைத்தது.
பக்கத்து இருக்கைக்காரர்
பனித்தண்ணீர் ஊற்றிய தெரெரேக் குவளையை நீட்டினார்.
ஒரே உறிஞ்சுகுழல். உதட்டுச் சாயம் கலையுமே!
கலையட்டும்.

நிறுத்தத்தில்
மூலிகை இடித்து விற்கிறாள் எவாரிஸ்தா.
அவள் ஐஸ் பெட்டிக்கு மூடி கிடையாது.
நிமியா கோட்டை மாட்டினாள்,
பொத்தான் போட்டாள்,
மூன்று எட்டு வைத்தாள்.
காதுக்குப் பின்னால் பவுடர் குழைந்து ஓடியது.
நான்காவது எட்டில் திரும்பினாள்.
"இதைக் கொஞ்சம் வைத்திருங்கள்.
பக்கெட் கொடுத்தால் கொடுக்கட்டும்."

மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் கம்பெனி.
இருப்புக் கணக்கு எழுதும் வேலை.
மேலாளர் ஃபெர்மின் அயாலா
கழுத்துவரை கம்பளி மூடி வந்தார்.
ஐயோ பாவம், வெயில்
மண்டைக்கு ஏறிவிட்டது போல என்று நினைத்தாள்.
"வேலை செய்யும் இடத்திலேயே பேசலாமே" என்று
இரும்புக் கதவைத் திறந்தார்.

முள் சுழியத்தில் நின்றது.
வெள்ளைத் துணி சுற்றிய அரை மாடுகள்
வரிசையாகத் தொங்கின,
நேர்காணலுக்கு முன்னாலேயே வந்துவிட்டவை போல.
"முன் அனுபவம்?"
பற்கள் தட்டச்சு செய்தன பதிலை.
ஈரச் சட்டை
ஈயத் தகடாய் முதுகில் ஒட்டியது.
எட்டு வருடம் அரவை ஆலையில் என்று சொன்னாள்.
மூட்டைகளை எண்ணத் தெரியும்,
குறைந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியும்.

அவர் குறித்துக்கொண்டார்.
பிறகு மெதுவாக,
"கோட் கொண்டு வரவில்லையா?"
"கொண்டு வந்தேன்."
அதற்குமேல் எப்படிச் சொல்வது?
சிரித்தாள்.
அவரும் சிரித்தாரா,
மூச்சுப் புகையில் தெரியவில்லை.
வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்புவார்களாம்.

வெளியே வந்ததும்
ஓடிவந்து கட்டிக்கொண்டது வெயில்.
பிடித்திருந்தது,
முப்பது நாற்பது எட்டு வரை.

எவாரிஸ்தா
ஐஸ் பெட்டிமேல் கோட்டைப் போர்த்தி
கைகள் இரண்டையும் அடியில் செருகியிருந்தாள்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்வை செருகுவது போல.
"பாரு, ஒரு கட்டி கரையவில்லை" என்றாள்
பெருமையாக.
நாத்தனாரின் சாட்டின் சொட்டிக்கொண்டிருந்தது.

உதறினாள்.
எண்பத்து மூன்று கூழாகி விழுந்தது.
போட்டுக்கொண்டாள்.

பேருந்து வரும்வரை
அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்
கழுத்துவரை பொத்தான் போட்டு
நின்றாள்.