மறுபக்கத்து நரி

கீவினா மாவட்டப் பனிவண்டிக் கொட்டகையில்
இரவுப் பணிக்கு இரண்டே பேர்.
வானொலிக்கு முன்னால் நான்,
பனித்தள்ளி வண்டியில் ஆர்விட் கங்காஸ்.
இருவருக்கும் பொதுவாக ஒரு காபி இயந்திரம்,
வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று.
"பெரியவர்களுக்கு" என்று அட்டையில் போட்டிருக்கிறது,
யாரோ சந்தேகப்பட்டதுபோல.

முதலில் வாங்கியது வேறு.
மயிரிழைக் கோடுகள், இதழுக்குள் இதழ்,
கொசு மட்டும் நுழையக்கூடிய இடுக்குகள்.
ஆர்விட் இருபத்தாறு வருடம் காட்டில் ரம்பம் பிடித்தவன்.
அவன் ரம்பத்தை விட்டுப் பத்து வருடமாகிறது,
ரம்பம் இன்னும் அவனை விடவில்லை.
குளிர் ஏறினால் விரல்நுனி மெழுகாய் வெளுக்கும்,
பென்சில் தந்தியடிக்கும்.
மூன்றாம் பக்கத்தோடு அதைத் தூக்கி
விறகடுப்பில் போட்டான்.
நன்றாக எரிந்தது என்றான்.

இது மரச்செதுக்கு மாதிரி.
கோடு என்றால் கோடு, சுண்டுவிரல் கனம்.
உளி சறுக்கிய தழும்புகள்கூட அப்படியே.
கரடி, கலங்கரை விளக்கம், வலை இழுக்கும் இருவர்,
அலை ஒவ்வொன்றும் அரிவாள்.
கை நடுங்கி எல்லை தாண்டினால்
கறுப்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும்,
ஒன்றுமே நடக்காததுபோல.

பங்கு பிரித்தோம்.
வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் அவனுக்கு.
பனிக்கு நிறம் கிடையாது என்பதில் மட்டும் உடன்பாடு.
தாள் அதைச் சும்மா தருகிறது.
"நான் தள்ள வேண்டாத பனி இது ஒன்றுதான்" என்பான்.

சண்டை மார்க்கரால் வந்தது.
பென்சில் பிடிபடவில்லை என்று
கட்டைவிரல் மொத்தத்தில் மார்க்கர் வாங்கிவந்து
நரிக்குச் சிவப்பு அடித்தான்.
தாளின் மறுபுறம் என் ஏரி.
உறைந்த ஏரி. நாலு இரவு, ஏழு நீலம்.
அதன் நட்டநடுவே அவன் நரி
இடம் வலம் மாறி
ஊறி வந்து நின்றது.
ஒரு வாரம் அவனிடம்
சாலை எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை.

இன்றிரவு ஏரிக்கரைச் சாலையில்
காற்று பனியைக் கிடையாக வீசுகிறது.
இரண்டு பத்துக்கு அவன் குரல்:
"பாலம் தாண்டிவிட்டேன்."
அப்புறம் இரைச்சல்.
இரண்டரைக்கு அழைத்தேன். இரைச்சல்.
இரண்டே முக்காலுக்கு
கடிகாரத்தைப் பார்க்கப் பிடிக்காமல்
புத்தகத்தைத் திறந்தேன்.

கறையை மூடத்தான் நீலத்தை எடுத்தேன்.
மூடினால் எதையோ மூடியதாகிவிடும் என்று
ஒரு பயம், வெளியே சொன்னால் வெட்கக்கேடு.
நீலத்தை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தேன்.
அச்சுக் கோட்டின் கனத்துக்கே
சிவப்பைச் சுற்றி இழுத்தேன்.
மூக்கு. காதுகள். காற்றுக்குச் சாய்ந்த வால்.
பனிக்கட்டிமேல் நடந்துபோகும் ஒரு நரி,
பின்னால் நாலு காலடி.
நாலாவது கோணிக்கொண்டது.
நான் ரம்பம் பிடித்தவள் இல்லை,
ஆனாலும் கோணிக்கொண்டது.
கறுப்பு அதையும் வாங்கிக்கொண்டது.

மூன்று ஐந்துக்கு வானொலி இருமியது.
"வெர்னா, மைக் கம்பி கழன்றிருக்கு,
இப்போதான் பார்த்தேன். காபி இருக்கா?"
இருக்கு என்றேன்.
அதற்குமேல் சொல்ல நாக்கில் ஈரமில்லை.

வந்தான். பூட்ஸிலிருந்து பனி சொட்டச் சொட்ட
பக்கத்தைப் பார்த்தான். தாளைத் திருப்பித்
தன் நரியைப் பார்த்தான்.
மறுபடி திருப்பினான்.
"இது என்னுடையதா?"
"ஏரி என்னுடையது."

அடுத்து அவனுக்குக் கரடி.
பழுப்பு மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றியவன்
என்ன நினைத்தானோ,
தாளைத் தூக்கிக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தான்.
மறுபுறம் என் கலங்கரை விளக்கம்,
இன்னும் கை வைக்காதது.
"நேரே வாசல்படிக்கு வருது" என்றான்.

வரட்டும் என்றேன்.