பதினொரு அங்குலம்

நில அளவையாளர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்:
பதினொரு அங்குலம்.
அவ்வளவுதான் எங்கள் போர்.

ஏழாலையில் வேலிகள் நடக்கும்.
மாரிக்கு முன் கதியால் மாற்றும்போது
ஒவ்வொரு கிளுவையும் யாரோ ஒருவர் பக்கம்
கொஞ்சம் தள்ளித் துளிர்க்கும்.
கிளுவைக்கு உறுதி வாசிக்கத் தெரியாது.
எங்களுக்குத் தெரியும்.

அன்று திருநீலகண்டர் மூன்று கதியாலைப் பிடுங்கி
என் வளவுக்குள் நட்டுக்கொண்டிருந்தார்.
வெள்ளிக்கிழமை என்றால் என் கையில் ஒன்றும் இருந்திராது.
அது வியாழன். மீன் கத்தி இருந்தது.
தபாற்கந்தோரில் முப்பது வருடம்
முத்திரை மட்டுமே குத்திய கை.
அவரிடம் அலவாங்கு.

உடம்பு எனக்கு முன்னால் நடந்தது.
காது சூடாகி, பிடரி மயிர் எழுந்து நின்றது.
எனக்குப் பிடரி மயிர் என்று ஒன்று இருப்பதே
அன்றுதான் தெரியும்.
இதை எனக்கு யார் படிப்பித்தது?
பள்ளிக்கூடத்தில் இல்லை. தேவாரத்தில் இல்லை.
ஏதோ ஒரு குகையில், ஒரு துண்டு இறைச்சிக்காக
உறுமிய ஒருத்தி
முதுகெலும்பு வழியே ஏறி வந்து
என் கத்தியைப் பிடித்தாள்.
வெட்கமாக இருக்கவில்லை.
இனிப்பாக இருந்தது.
அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

"வெட்டடி பாப்பம்" என்றார் அவர்.
அவருக்குள்ளும் ஒருவன் வந்திருந்தான்.

அப்போதுதான் பலாலிக்கு இறங்கும் விமானம்
பனைகளை உரசுமாப்போல் தாழ வந்தது.

அடுத்த கணம் இருவரும் மண்ணில்.
நீரிழிவும் முழங்கால் நோவும் உள்ள மனிசன்
எப்படி அவ்வளவு கெதியாய் விழுந்தார்!
தலைக்கு மேல் கை, வாய் திறந்து,
வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்,
நடுவில் தேசிக்காய் மரம்.

மரம் நிற்கும் இடத்தில்தான் பங்கர் இருந்தது.
தொண்ணூற்றிரண்டில் ட வடிவத்தில் வெட்டினோம்.
ஒரு வாய் அவர் வளவில், மறு வாய் என் வளவில்.
அன்று யாரும் நூல் பிடித்து அளக்கவில்லை.
பிள்ளை அழுதால் பொம்மருக்குக் கேட்கும் என்று
நாங்கள் நம்பிய காலம்.
அவர் மனைவிக்குப் பயத்தில் பால் வற்றிவிட்டது.
இருட்டில் என் மகளுக்கு ஒரு முலை,
அவர் மகனுக்கு ஒரு முலை.
அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தார்.
பனங்குற்றிகளுக்கு மேலே வானம் உடைந்துகொண்டிருந்தது.

அந்த மகன்தான் இன்று பிரம்டனில் இருந்து
வழக்குக்குக் காசு அனுப்புகிறான்.
குறை சொல்லவில்லை.
பால் கணக்கு வைப்பதில்லை, உறுதிதான் வைக்கும்.

ஆனால் மண்ணில் கிடந்தபடி யோசித்தேன்:
அதையும் எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.
அடுத்தவன் பிள்ளையின் அழுகைக்கு
என் சட்டை நனைந்தது,
என்னைக் கேட்டா நனைந்தது?
அதுவும் அவளேதான். அதே குகைக்காரி.
அதே எலும்பு வழியே.

போர்க்குணத்தை வேரோடு பிடுங்கலாம் என்று
வாசிகசாலைக் கூட்டத்தில் ஒருவர் பேசினார்.
பிடுங்கி மூலையில் எறிந்த கதியால்
எறிந்த இடத்திலேயே துளிர்ப்பதை
அவர் கண்டிருக்கமாட்டார்.
அவளைப் பிடுங்கினால்
கத்தி பிடித்தவளும் போவாள்,
பால் கொடுத்தவளும் போவாள்.

விமானம் போய்விட்டது.
அவர் எழும்பக் கஷ்டப்பட்டார்.
கை கொடுத்தேன் என்று எழுத ஆசை.
கொடுக்கவில்லை.
அலவாங்கை ஊன்றி அவரே எழும்பினார்.
"சென்னைப் பிளேன்" என்றார் சாறத்தைத் தட்டியபடி.
"ஓம்" என்றேன்.
அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வந்தபோது மீனைப் பூனை கொண்டுபோயிருந்தது.
மல்லாகத்தில் வழக்குக்கு மறுபடி தவணை.
பதினொரு அங்குலத்தையும் நான் விடப்போவதில்லை,
அவரும் விடமாட்டார்.

கத்தியைக் கழுவிக் குசினிச் சுவரில் கொழுவினேன்.
இடுப்பு உயரத்தில் ஆணி,
நினைக்க முதல் கை போய்விடுகிற தூரம்.
முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் என்கிற உயரத்தில்
இன்னொரு ஆணி அடிக்கலாம்.
முக்காலியில் ஏறுகிற நேரம் போதுமோ என்னவோ.

சுத்தியல் கேட்டுப் பார்க்கவேண்டும்.
அது திருநீலகண்டரிடம்தான் இருக்கிறது.