எண்ணிடு

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைக் கம்பெனியின்
தகர அறையில் இரவு ஒன்றேமுக்கால்.
ஆனி மாதம். கணவாய்க் காற்று
கதவின் கொண்டியை ஆட்டிக்கொண்டே இருக்கிறது,
யாரோ உள்ளே வரப் பார்க்கிற மாதிரி.

ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்.
பட்டியல் ஒன்றைக் கொடுத்தால்
உள்ளதற்கெல்லாம் வரிசையாக எண் போட்டுத் தரும் வரி.
மேலே காற்றின் வேகங்களுக்கு,
கீழே கோளாறுச் செய்திகளுக்கு.
ஓடுகிறதை ஓட விட்டிருக்கலாம்.
கை சும்மா இருக்கவில்லை.
அந்த வரியை உருவி, கோப்பின் தலைமாட்டில் வைத்து
எண்ணிடு என்று பெயர் வைத்தேன், ஆங்கில எழுத்தில்.
துணைச் சார்பு. கொத்தனாருக்குச் சித்தாள் போல:
கேட்ட இடத்துக்குச் சட்டி சுமந்தால் போதும்.

கம்பைலர் மாட்டேன் என்றுவிட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் சிவப்புக் கோடு:
தசம எண்ணை எதிர்பார்த்தேன், நீ சொல்லைக் கொடுக்கிறாய்.
அந்த வரியை நான் தொடவே இல்லை.
சவமே, நேற்று வரை இதே சொல்லைத்தானே தின்றாய்?

ஏழாம் நம்பர் கோபுரத்தடியிலிருந்து தவசிக்கனி போன்.
பாதிக் குரலைக் காற்று கொண்டுபோக மீதி வருகிறது:
"லிஸ்டு வரலியே... மேல ஏறணுமா, வேண்டாமா?"
"பத்து நிமிசம் அண்ணாச்சி."
எதற்கும் நான் சொல்கிற பத்து நிமிசம்.

பிறகு புரிந்தது,
இல்லை, தெரிந்திருந்தது ஞாபகம் வந்தது.
பெயர் இல்லாதவரை அந்த வரி யாருக்கும் உழைத்தது.
பெயர் வைத்ததும் கம்பைலர் கொஞ்சம் தயங்கி,
இது என்ன டைப் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை,
முதலில் யார் கூப்பிடுகிறார்களோ பார்ப்போம் என்று
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தது.
முதலில் கூப்பிட்டது காற்றின் வேகம்.
பென்சில் பேனா ஆனது.
இனி ஆயுசுக்கும் தசம எண்ணுக்கு மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் முதலில் கேட்டது:
"முப்பிடாதி, இந்த வருகைப் பதிவேட்டை
டைப் அடிச்சுத் தருவியாம்மா?"
அடித்துக் கொடுத்தேன்.
எட்டு மாதம் டைப்பிஸ்ட் என்றார்கள்.
புரோகிராமில் சந்தேகம் என்று வந்த இன்ஜினியர்
என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.
நான் வெடித்தது ஒன்பதாம் மாதம்,
கழுவாத டீ கிளாஸ் ஒன்றுக்காக.
சம்பந்தமே இல்லாத வரி.

மருந்து சின்னது, பார்த்தால் சிரிப்பு வரும்.
சமக்குறிக்கு இந்தப் பக்கம் ஒரு எக்ஸ்,
அந்தப் பக்கம் ஒரு எக்ஸ்.
பள்ளிக்கூடக் கணக்கென்றால் இரண்டையும் அடித்துவிட்டு
அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.
இங்கே, வருகிறவர் யாரோ வரட்டும் என்று
ஒரு நாற்காலி போட்டு வைத்ததும்
கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.
வேகங்களுக்கும் எண். செய்திகளுக்கும் எண்.

அது இறக்கிவைத்த எந்திர மொழியைத் திறந்து பார்த்தேன்,
ஆசைதான்.
கூப்பிட்ட இரண்டு இடத்திலும் எண்ணிடுவின் பெயர் இல்லை.
வேலையை மட்டும் கரைத்துப் பூசியிருந்தது.
பூச்சு காய்ந்த சுவரில்
எந்தச் சட்டி யார் சுமந்தது என்று எப்படித் தேட?

இரண்டேகாலுக்குப் பட்டியல் போயிற்று.
மறுபடி தவசிக்கனி:
"வந்துட்டு. ஆனா இதென்ன தாயி,
மொதக் கோளாறுக்கு நம்பர் பூஜ்யம்னு போட்டிருக்கு?
பூஜ்யம்னா கோளாறே இல்லன்னு அர்த்தமா?
நான் ஏறவா, வீட்டுக்குப் போவவா?"

வேகப் பட்டியலின் கடைசி எண்ணைப் பார்த்தேன்:
பதினெட்டு புள்ளி நாலு.
"ஏறாதீங்க. காத்து அடங்கட்டும், அங்ஙனயே இருங்க."

கொண்டி ஆடிக்கொண்டிருக்க
கோப்பைத் திறந்து
எண்ணிடுவில் கூட்டினேன், ஒன்று.