உருளைக்கிழங்குத் தெரு, கீழ்த்தளம்

தார்த்து நகரில், ஆற்றை ஒட்டிய பேட்டையில்,
தெருக்களுக்குக் காய்கறிப் பெயர்கள்.
பட்டாணித் தெரு, அவரைத் தெரு,
உருளைக்கிழங்குத் தெரு.
அங்கே ஒரு பச்சை மரவீட்டின் கீழ்த்தளத்தில்
ஹில்யா கதவைத் திறந்தபோது
முழங்கைவரை மாவு. இரவெல்லாம் ரொட்டிச் சூளையில் வேலை.
"மேல்வீட்டு ரைவோதான்" என்றாள்,
வணக்கத்துக்குப் பதிலாக.
"அவன் குளிக்கிற தண்ணீர் என் தரையில் இறங்குகிறது."

ஆதாரம் வைத்திருந்தாள்:
இரண்டு வருட நாட்காட்டி.
மாடியில் தொட்டி நிறையும் சத்தம் கேட்ட நாளெல்லாம்
சிவப்புப் பேனாவால் ஒரு சுழி.
சனிக்கிழமைகளுக்கு அம்மை போட்டிருந்தது.

நான் முதலில் அண்ணாந்து பார்த்தேன்.
உட்கூரை ஒரு கறையில்லாமல்
அப்பளம் போலக் காய்ந்திருந்தது.
அதை அப்போது சொல்லவில்லை.

பிறகு மண்டியிட்டேன்.
பைன் பலகைகள் ஒவ்வொன்றும்
ஓரம் தூக்கி, நடுவில் குழிந்து,
மல்லாத்தி அடுக்கிய ஓடுகள்.
நனைந்த பக்கம் உப்பும், காய்ந்த பக்கம் இழுத்துக்கொள்ளும்.
குழி மேலே என்றால்
ஈரம் கீழே.

ஈரமானியின் குட்டை ஊசிகள் பதினான்கு என்றன.
நீள ஊசிகள் இருபத்தாறு.
குளியலறைச் சுவரோரம் குறைவு,
தெருச்சுவரோரம் கூடுதல்.
"அப்படியானால் ஆறா?" என்றாள்
ரைவோவை விட மனமில்லாமல்.
இந்த வசந்தத்தில் ஆறு கரையைத் தாண்டவேயில்லை.
அவளுக்கும் அது தெரியும்.

சன்னலிலிருந்து மூன்றாவது பலகையை நெம்பினேன்.
ஆணிகள் முனகவில்லை,
சொத்தை ஈறிலிருந்து பல் வருவதுபோல் வந்தன.
முதலில் காளான் வாடை.
பிறகு கைவிளக்கு வெளிச்சத்தில் கறுத்த மண்.
விட்டங்களின் அடியில் வரிசையாய் நீர்ச்சொட்டுகள்,
ஒன்றும் விழாமல்.
தீக்குச்சி கொளுத்தி உள்ளே நீட்டினேன்.
சுடர் எந்தப் பக்கமும் சாயவில்லை.

கல் அடித்தளத்தில் காற்றுத் துளைகள் நான்கு.
நான்கிலும் சீம்பால் நிறத்தில் உறைந்த நுரை,
சீராக அரிந்து, அரிந்த முகத்தில்
குறுக்கே ஒரு கீறல்.
அப்படிக் கீறுகிற ஆளை எனக்குத் தெரியும்.

பக்கத்து விட்டத்தில் தச்சன் பென்சில் எழுத்து:
"உர்மஸ். அக்டோபர். இனிக் குளிர் வராது."

பன்னிரண்டு வருடம். வீட்டுக்காரர் வேறு யாரோ,
கால் சில்லிடுகிறது என்றார்.
அரை மணி நேர வேலை, நாற்பது யூரோ.
வீட்டின் நிறம்கூட அப்போது வேறு, மஞ்சளோ என்னவோ.
குளிர் வரவில்லைதான்.
உள்ளேயிருந்தது வெளியே போகவும் இல்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
மாடிப்படியில் முகம் திருப்பிய இரண்டு வருடப் பழி மேலே.
பாவம் இங்கே, என் கையெழுத்தில்.

"யார் அடைத்தது?"

என் பெயரில் பாதியைப் பூஞ்சணம் தின்றிருந்தது.
மீதிக்கு என் கட்டைவிரல் போதும்.
துடைத்திருப்பேன். விரல் நகர்ந்துகூட விட்டது.
பிறகு விளக்கை அவளிடம் கொடுத்தேன்.
மாவுத் துணியோடு குப்புறப் படுத்து
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
எழ நேரம் எடுத்தாள்.

"கூலி கிடையாது."
"கிடையாது."

வெளியே போய், வேலியோரப் புல்லில் உட்கார்ந்து
துளை துளையாக நுரையைக் குடைந்தேன்.
நாலாவது திறந்ததும்
உள்ளேயிருந்து அவள் குரல்: "குச்சி அணைந்துவிட்டது!"

விட்டங்களில் இரண்டை மாற்றவேண்டும், என் செலவில்.
பலகைகளை இப்போது இழைக்கக்கூடாது என்றேன்.
ஈரத்தோடு சமன் செய்தால்
காய்ந்தபின் முதுகு எதிர்ப்பக்கம் வளையும்.
ஒரு கோடை முழுக்கப் பொறுக்கவேண்டும்.
"அதுவரை?"
"அதுவரை பார்த்து நடங்கள்."

மாடியில் தொட்டி நிறையும் சத்தம்.
"இன்று வியாழன்" என்றாள்,
பேனாவை எடுத்து,
மூடியைக் கழற்றாமல்.