பன்னிரண்டாவது ஓவர்

ஜுபைலில் என் வேலை
சாரங்களுக்கு அட்டை மாட்டுவது.
கிளாம்ப்பைத் தட்டிப் பார்ப்பேன்,
பலகையை மிதித்துப் பார்ப்பேன்.
பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் கூடாது.
மஞ்சளுக்கு மட்டும் கீழே ஒரு வரி எழுத வேண்டும்:
பெல்ட் மாட்டி ஏறு,
மூன்று பேருக்கு மேல் ஏறாதே.

வெள்ளிக்கிழமை விடியலிலும் அதே கண்ணோடுதான்
துறைமுகச் சாலையோரத்து உப்புத்தரையில் நிற்கிறேன்,
கையில் கீப்பர் கிளவுஸ்.
ஏழரைக்கு வெயில் கடிக்கத் தொடங்கும்.
அதற்குள் பன்னிரண்டும் பன்னிரண்டும் முடிய வேண்டும்.

கொளஞ்சிக்கு பைனல் எக்ஸிட் வந்துவிட்டது.
நாலு வருஷம் கடைசி ஓவர் அவன் கையில் இருந்தது.
வேகம் ஒன்றும் கிடையாது.
சிக்ஸர் போன பந்தைத்
தண்ணீர் லாரிக்கு அடியிலிருந்து தானே போய் எடுத்து வருவான்.
டேப்பில் ஒட்டிய மணலை
நகத்தால் சுரண்டிக்கொண்டே நடப்பான்.
சுரண்டி முடிக்கையில்
அந்த சிக்ஸர் நடக்காத ஒன்றாகியிருக்கும்.

இனி யார்?

ஜெனிஷ் என்கிறார்கள்.
குளச்சல் பையன், இருபத்தொன்று,
இரவு ஷிப்டில் கேபிள் இழுக்கிறான்.
முதல் ஓவரில் அவன் ஓடிவந்தால்
என் உள்ளங்கை திங்கட்கிழமை வரை சிவந்திருக்கும்.

"புதுப் பந்தைப் பிடுங்கிக் கடைசிக்கு வைக்கிறதா?
பிரியாணியை ஆறவைத்துப் பரிமாறு" என்கிறான் ஹாஜா மைதீன்.
முதலிலேயே மூன்று விக்கெட் சாய்ந்தால்
கடைசி ஓவர் எதற்கு என்பது அவன் கணக்கு.
தப்பென்று சொல்ல முடியவில்லை.

கொளஞ்சி பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான்:
"வேகம் இருக்கு.
மறதி இருக்கா?"

மூன்று வாரமாக அதைத் தேடுகிறேன்.
வைடு கொடுத்தால் அம்பயரை முறைக்கிறானா? இல்லை.
கேட்சை விட்டவனோடு மெஸ் வரிசையில் பேசுகிறானா?
பேசுகிறான், சிரித்துக்கொண்டே.
ஆனால் அது எத்தனையாவது பந்து,
காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது,
எல்லாம் சொல்கிறான்.
ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தைத்
தவணை தவணையாகத் தேதியோடு ஒப்பிக்கிறான்.
இந்தப் பையனுக்கு மறதியை
யாருமே கொடுத்து அனுப்பவில்லை.

இந்த வெள்ளி, அரையிறுதி.
பைப்லைன் கம்பெனிக்காரர்களுக்கு ஆறு பந்தில் ஒன்பது.
ஹாஜாவைப் பார்க்காமல்
பந்தை ஜெனிஷிடம் போட்டேன்.

யார்க்கர். ஒன்றுமில்லை.
யார்க்கர். ஒன்று.
மூன்றாவது கை வழுக்கி இடுப்புயரத்தில் போக,
லாரியையும் தாண்டி விழுந்தது.
அவன் போய் எடுக்கவில்லை. நின்றான்.
யாரோ எறிந்த பந்தைச் சுரண்டாமல் வாங்கி
நாலாவதை மெதுவாகப் போட்டான்,
அவ்வளவு மெதுவாக அவன் போட்டு நான் பார்த்ததே இல்லை.
மட்டை காற்றை வெட்டியது.
ஐந்தாவதில் ஒன்று.

ஆறாவது விளிம்பில் உரசி
நேராக என்னிடம்தான் வந்தது.
கிளவுஸில் பட்டது.
பட்டுத் தெறித்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவனும்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டான்,
வாய் திறந்து, தலை ஜன்னலில் இடிக்க இடிக்க.
முன்பு இப்படி ஒரு மேட்சைப் பறிகொடுத்தபோது
ஒன்பது ராத்திரி
ஏசி ஓடும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தவன் நான்.

கொளஞ்சி கேட்டது இந்தத் தூக்கத்தைத்தானா?
இல்லை, விடிய விடிய கேபிள் இழுத்தவன்
வேறு எப்படித்தான் இருப்பான்?
தட்டிப் பார்க்க இதில் கிளாம்ப் இல்லை.

அடுத்த வாரத் தாளில்
பன்னிரண்டுக்கு நேராக அவன் பெயரைப்
பென்சிலால் எழுதினேன்.
கீழே ஒரு வரி:
வியாழன் இரவு ஷிப்ட் கூடாது, போர்மேனிடம் பேச வேண்டும்.

கீப்பர் என்ற இடத்தை
இன்னும் நிரப்பவில்லை.