நூற்று முப்பத்தொன்றாம் படி

புதன்கிழமை எட்டரை மணி.
ஜன்னல் இல்லாத அறை. ஆறு நாற்காலி,
ஐந்துதான் நேராக நிற்கும்.
வால்பரைசோ துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
மேசைமேல் தேநீர் மட்டும் நடுங்கும்.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
செவிலிக்கு முழங்கால் போனபின்
கையில் கொடுத்த பேனா இது.

ஒந்தினா பர்ராசா. ஐம்பத்தொரு வயது. மீன் வெட்டுபவள்.
ஏழு மாதத்துக்கு முன்
பிரேக் பிடிக்காத பேருந்து ஒன்று
கடைக்குள்ளேயே வந்துவிட்டது.
இடுப்பெலும்பு இரண்டு இடத்தில், தொடையெலும்பு ஓரிடத்தில்.

இரிபார்ரென் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
"எலும்பு கூடிவிட்டது. கூடிய இடம்கூட அழகு."
குரலில் பெருமை. இருக்கட்டும்,
அந்த இரவு ஆறு மணி நேரம் நின்று தைத்தவர்.

பிசியோ காயூன்:
"அறுபது மீட்டர் நடக்கிறாள், சமதளத்தில்.
அதற்குமேல் கேட்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்."
மருந்தகத்து சோய்லா:
"வலி மாத்திரை வாங்க வருவதே இல்லை.
வலி இல்லை போலிருக்கிறது."
மனநல ஆலோசகர் பெரால்த்தா
பேனாவைத் திறந்தார், மூடினார்.
"மூன்று முறை வரச் சொன்னேன்.
மூன்று முறையும் காலி நாற்காலியோடு பேசினேன்."

நான் எழுதினேன்: ஒத்துழைப்பு இல்லை.

ஊர் கூடித் தேர் இழுத்தோம் என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
வடத்தை ஆளுக்கொரு திசையில் பிடித்துக்கொண்டு
நகரவில்லையே என்று
தேரைத் திட்டினோம்.

சமூகப் பணியாளர் யாஸ்னா கடைசியில்தான் பேசுவாள்.
அந்த ஆறாவது நாற்காலி அவளுக்கு.
"நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன்.
குன்றுக்கு ஏறும் தூக்குவண்டி மார்ச்சிலிருந்து ஓடவில்லை.
இருநூற்றுப் பதினான்கு படி.
இறங்கினால் ஏற வேண்டும்.
மிச்ச மாத்திரையை எண்ணி வைத்திருக்கிறாள்,
இங்கே வரும் நாளுக்கு இரண்டு, மறுநாளுக்கு ஒன்று.
மற்ற நாளில் வலியை வலியாகவே
வைத்துக்கொள்கிறாளாம்."

யாரும் பேசவில்லை.
காயூன் தன் காலணியைப் பார்த்தான்.
சமதளம் என்று அவன் சொன்ன சொல்
மேசை நடுவில் கிடந்தது, எடுக்க ஆளில்லாமல்.

அடுத்த வாரம் ஏறினார்கள்.
நான் கீழே நின்று தலைகளை எண்ணினேன்.
இரிபார்ரென் தொண்ணூறாவது படியில்
கோட்டைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார்.
"அந்தப் படத்தில் இந்தப் படி தெரியவில்லையே"
என்றாராம், யாரிடமும் இல்லாமல்.
நூற்று முப்பத்தொன்றில் ஒரு திருப்பம்,
நீலக் கதவு, குந்த ஒரு கல்.
காயூன் பாடத்தை அங்கே மாற்றினான்:
ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது கெட்ட கால் முன்னே.
சோய்லா மாத்திரையைப் பையில் கொண்டுபோனாள்.
ஐந்து பேரின் முறையும் ஒரே நாளில் என்றாயிற்று.
ஓர் இறக்கம், ஓர் ஏற்றம்.
(இதற்கு ஏழு மாதம்.)

எல்லாம் சரியாகிவிடவில்லை.
பேருந்து சத்தம் கேட்டால் இன்னமும்
கத்தியைக் கீழே வைத்துவிடுகிறாள்.
தூக்குவண்டி இன்னமும் ஓடவில்லை.

போன செவ்வாய் பெரால்த்தா
அந்தக் கல்லில் அவளோடு உட்கார்ந்தார்,
மூச்சு வாங்கத்தான்.
மூச்சு வாங்கும்போது வாய் திறந்திருக்குமே,
அந்த வழியாக வந்துவிட்டது:
"அந்த ஓட்டுநர் என்னைப் பார்த்தான்.
நான் கையைக் காட்டினேன், நில் என்று.
மீன் கையை."

பழைய வரியை நான் அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினேன்: யாருடைய?
அதற்குக் கீழே, வழக்கம்போல:
இடம், நூற்று முப்பத்தொன்றாம் படி.
நேரம், பதினொன்று இருபது.
வந்திருந்தோர், இருவர், ஒரு பூனை.
அடுத்த சந்திப்பு, அவள் சொல்லும் நாள்.